கழுத்துப் பிடரியில் ஒரு முத்து

பிரசவ வார்டில் காலையில் தாய்மார்களுக்கு உடம்பு துடைத்துவிடும்போது ஒவ்வொருத்தியின் பின்னலையும் தூக்கிப் பிடரியைப் பார்ப்பேன். பிறகு முதுகு, அக்குள், வயிற்று மடிப்பு. வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கூட வேலை செய்த சின்னப் பெண்களுக்கு இது ஒரு வேடிக்கை.

“கோமளா ஆன்ட்டி, இன்னிக்கு எத்தனை பேன் சிக்குச்சு?” என்பாள் ஸ்வேதா.

“சிக்கினதை உன் தலையிலதான் விட்டிருக்கேன், போய்ப் பாரு,” என்பேன். சிரிப்பார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்று யாராவது நிஜமாகவே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் எங்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு வைத்தார்கள். ஆயா, நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவர்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்து, புதிதாக வந்த ஒரு சின்ன டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் வைரஸ் கிருமியோடு எப்படிச் சண்டை போடுகின்றன என்பதுதான் பாடம்.

“முன்னாடி இந்த அணுக்களுக்கு பலமே இல்லைன்னு சொல்லிட்டிருந்தோம். இப்ப அப்படிச் சொல்றதில்ல. அதுங்களுக்கு வேற மாதிரி சண்டை தெரியும்,” என்றார் அவர்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். ஸ்வேதா பின்னாலேயே வந்து, “என்னாச்சு ஆன்ட்டி, ஏன் அழறீங்க?” என்றாள். அன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதித்தான் பார்ப்போமே என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆஸ்டின் டவுன்காரர்கள். அப்பாவின் அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்தவர். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, தெரிந்தவர் சொல்லி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். முதல் வருஷம் தரை துடைத்தேன். அடுத்த வருஷம் துணி. அதற்கப்புறம்தான் குழந்தைகளைத் தூக்கக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அதே மாடி, அதே பிரசவ வார்டு, எட்டுக் கட்டில். பக்கத்தில் நோஞ்சான் குழந்தைகளை வைக்கிற கண்ணாடி அறை.

வார்டுக்குப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர். மங்களூர்க்காரர். கத்தவே மாட்டார். எங்களை “நீ, வா, போ” என்றுதான் கூப்பிடுவார், சொந்தத் தங்கச்சி மாதிரி. கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கி “நீங்க” ஆகிவிடும். அந்த “நீங்க” காதில் விழுந்தால் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

கை கழுவுவதில் அவர் எமன். வளையல் கழற்றணும், மோதிரம் கழற்றணும், தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளணும். சோப்பு முழங்கை வரை போகணும். விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரலின் அடி, மணிக்கட்டு. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கச் சொல்லமாட்டார். “மனசுல உன் சாமியைக் கும்பிடு. நான் என் ஜபத்தைச் சொல்றேன், நீ உன் அம்மன் பாட்டைச் சொல்லு. முடியற வரைக்கும் தேய்,” என்பார். நான் ஆடி மாதம் எங்கள் தெருக் கோவிலில் பாடுகிற அம்மன் பாட்டை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே தேய்ப்பேன். கொஞ்சம் சீக்கிரம் குழாயை மூடினால் பின்னாலிருந்து குரல் வரும். “கோமளா, இன்னிக்கு அம்மனுக்கு ரெண்டு வரி குறைச்சுட்டே போலிருக்கே?”

இனி அந்த நாளைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஏழாம் கட்டிலில் ரேவதி. வயது இருபத்திரண்டு, தலைப்பிரசவம். முந்தின நாள் மத்தியானம் சுகப்பிரசவமாகி ஒரு பெண் குழந்தை. தருமபுரிப் பக்கத்துப் பெண். புருஷன் முருகேசனோடு ஹெப்பகோடியில் குடித்தனம். அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறவன். துணைக்கு அவளுடைய அக்கா செல்வி இருந்தாள்.

துடைத்துவிடப் பின்னலைத் தூக்கினேன். பிடரியில், முடி முடிகிற இடத்தில், இலை மேல் நின்ற தண்ணீர்ச் சொட்டு மாதிரி ஒன்று. சுற்றிலும் சிவப்பு. தோள்பட்டைக்குக் கீழே இன்னொன்று. தொட்டேன், உடம்பு சுட்டது.

எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறது. கன்னத்தில் இன்னும் மூன்று தழும்பு இருக்கிறது. அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அதை நோய் என்று சொல்லமாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்போம். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்லமாட்டோம். முத்து என்போம்.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். 

“பாத்துட்டீங்களாக்கா?”

“எப்பலேந்து இருக்கு?”

“நேத்து சாயந்திரம் காய்ச்சல் அடிச்சுது. இப்ப விடியக்காலம்தான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இங்க சொன்னா ஊசி போடுவாங்க, மாத்திரை குடுப்பாங்க. ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பு. மருந்து போட்டா குழந்தையைக் கேட்டுடுவா. நீங்க நெத்தி நிறையக் குங்குமம் வச்சிருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

ரேவதி குழந்தையை மார்போடு இறுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பின்னலைக் கீழே விட்டேன். துணியை மேலே இழுத்து மூடினேன். “மூடிக்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது படிக்கிறவர்கள் கேட்பீர்கள். காரணம் எங்கள் வீட்டில் இருந்தது.

என் ஒன்பதாவது வயதில் முதலில் எனக்கும், அதன்பின் என் அம்மாவுக்கும் அம்மை வார்த்தது. அம்மா அப்போது நிறைமாதம். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. என் அப்பா ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிற வேலையில் இருந்தார். அம்மா முனகுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கம்பவுண்டர் ஒருவரிடம் போய் இரண்டு காய்ச்சல் மாத்திரை வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டார். மறுநாள் தங்கச்சி பிறந்தாள். பதினோராம் நாள் அவள் உடம்பில் முத்து. பதினாலாம் நாள் மூச்சு வாங்கி வாங்கி, அம்மா மடியிலேயே போய்விட்டாள்.

மாத்திரை அட்டை தலையணைக்குக் கீழே அகப்பட்டது. “அம்மன் இருக்கிற வீட்டுல மருந்து கொண்டாந்தியே, குழந்தையைக் கேட்டு வாங்கிட்டா பாரு,” என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவைப் பேசினார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவருக்கே அதுதான் நம்பிக்கை. அதற்கப்புறம் அவர் எங்கள் தெரு அம்மன் கோவிலுக்குள் போனதில்லை. ஆடி வெள்ளிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். நாங்கள் உள்ளே போவோம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில் நிற்பார்.

அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஏழாம் கட்டிலில் நான் பார்த்தது ரேவதியின் பிடரி மட்டுமில்லை. சொன்னால் மருந்து வரும், மருந்து வந்தால் குழந்தை போகும். அந்தப் பாவம் என் தலையில் விழும். சொல்லாவிட்டால்? அதைப் பற்றி யோசிக்கவே பயமாக இருந்தது. எட்டு மணியிலிருந்து வார்டில் சுற்றிச் சுற்றி வந்தேன், ஏழாம் கட்டில் பக்கம் மட்டும் போகவில்லை. மத்தியானச் சோற்று டப்பாவைத் திறந்து அப்படியே மூடி வைத்தேன்.

இரண்டரை மணி வாக்கில் குழந்தைகளை எடை பார்க்கிற நேரம். முதலில் கை கழுவணும். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு, பாட்டை ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வரி வரும், பச்சைப் பிள்ளையைக் காத்து நில் தாயே என்கிற மாதிரி. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அங்கேயே நின்றது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“என்ன கோமளா, பாட்டு பாதியில நிக்குது?” பின்னால் பிலோமினா சிஸ்டர்.

“சிஸ்டர், ஏழாம் கட்டில் அம்மாவுக்கு முத்து போட்டிருக்கு.”

அவர் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். என் கன்னத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

“எப்ப பாத்தே?”

பொய் சொல்லியிருக்கலாம். கையில் சோப்போடு, பாதிப் பாட்டோடு பொய் வரவில்லை. “காலைல எட்டு மணிக்கு,” என்றேன்.

“நீங்க கையைத் துடைச்சுட்டு இங்கயே உக்காருங்க,” என்றார் சிஸ்டர்.

அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். ஐந்து நிமிஷத்தில் டாக்டர் சுமித்ரா மேடம் வந்தார். குழந்தை டாக்டர், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் கலந்து கலந்து பேசுவார். ரேவதியின் முதுகைப் பார்த்தார். “அய்யோ தேவரே” என்று கடவுளைக் கூப்பிட்ட ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வந்தது. உடனே ரேவதியைத் தனி அறைக்கும், குழந்தையை வராந்தாக் கடைசியில் இருந்த இன்னொரு அறைக்கும் மாற்றினார்கள். குழந்தையை வாங்கும்போது ரேவதி போட்ட சத்தம் கீழ் மாடி வரை கேட்டது. மற்ற ஏழு தாய்மாரையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள், உங்களுக்குச் சின்ன வயசில் அம்மை வந்ததா என்று. ஆறு பேர் வந்தது என்றார்கள். ஒரு முஸ்லிம் பெண் தெரியாது என்று தன் தாய்க்கு போன் போட்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “ஆமாவாம், சோட்டீ மாதா வந்துச்சாம்,” என்றாள். அவர்கள் பேச்சிலும் அது மாதாதான்.

செல்வி என் எதிரில் வந்து நின்றாள். “நீங்களும் தமிழ்க்காரங்க, சாமி கும்பிடறவங்கன்னு நம்பினேனே. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவேன்.”

அவள் சொன்னதைத்தான் நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிலோமினா சிஸ்டர் ரிப்போர்ட் புஸ்தகத்தைத் திறந்தார். காலை எட்டு மணிக்கு ஆயா கோமளா பார்த்தது, இரண்டு நாற்பதுக்குச் சொன்னது என்று இரண்டு நேரத்தையும் எழுதினார். “கையெழுத்து போடுங்க,” என்றார். போட்டேன். ஆறு மணி நாற்பது நிமிஷம். இன்றைக்கும் அந்தக் கணக்கு மனசில் அப்படியே நிற்கிறது.

அம்மை வந்து தேறினவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கிற ஒரு ஊசி மருந்து உண்டு. அதைக் குழந்தைக்குச் சீக்கிரம் போடணும். எல்லா இடத்திலும் கிடைக்காது. முருகேசன் தன் கூட்டாளி கேப் டிரைவர்களுக்கெல்லாம் போன் போட, ஊரின் நாலு மூலையிலும் வண்டிகள் போய் மருந்துக் கடைகளில் விசாரித்தன. சாயந்திரம் ஆறு மணிக்கு அவன் ஐஸ் டப்பாவை மடியில் வைத்தபடி ஓடி வந்தான். வேறொருத்தன் வண்டி ஓட்டியிருக்கிறான். “ஆடும்னு நான் மடியிலயே வச்சுக்கிட்டேன் சிஸ்டர்,” என்றான். அவனுக்கு அம்மன் பயமில்லையா என்று நினைத்தேன். பயமிருந்தது. கையில் வேப்பிலைக் கொத்தும் இருந்தது.

குழந்தையின் தொடையில் ஊசி போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மை வராதவர்கள் அந்த அறைக்குள் போகக்கூடாது. மூன்று நர்ஸ்களுக்கு வந்ததா இல்லையா என்றே தெரியாது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு வந்திருக்கு. அந்த ரூம் உங்களுதுதான்,” என்றார். தண்டனையா, நம்பிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அன்றிலிருந்து குழந்தையும் நானும். இரண்டு மணிக்கொரு தடவை ரேவதியின் பால் பிழிந்து வரும். பாலாடைக் கிண்ணத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பேன். காலையில் துணியைக் கழற்றி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்ப்பேன். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுவேன். பிறந்த குழந்தைக்கு நாற்பது, ஐம்பது வரை சரி. அறுபதைத் தாண்டினால் சிஸ்டரைக் கூப்பிடணும். எண்ணும்போது என் மூச்சு நின்றுவிடும், நடுவில் எண் தவறிவிடும், திரும்ப எண்ணுவேன்.

மூன்றாம் நாள் சுமித்ரா மேடத்தைக் கேட்டேன். “ஊசிதான் போட்டாச்சே மேடம், இன்னும் ஏன் எல்லாரும் பயப்படறீங்க?”

அவர் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார். நான் ஆயாதானே என்று சுருக்கிச் சொல்லவில்லை.

“நோடி, பாருங்க கோமளம்மா. உங்களுக்குச் சின்னதுல அம்மை வந்துச்சு. அதுக்கு எதிரா உங்க ரத்தத்துல ஒரு காவல் இருக்கு. நீங்க பிள்ளை பெத்தப்போ அந்தக் காவல் தொப்புள்கொடி வழியாப் பிள்ளைக்கும் போச்சு. ரேவதிக்கு இப்பதான் வருது. அவ உடம்பு காவல் தயார் பண்ண ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள குழந்தை பிறந்துடுச்சு. கிருமி போயிருக்கும், காவல் போகல. அந்தக் காவலைத்தான் ஊசியில குடுத்தோம், கொஞ்சமா.”

“மீதி?”

“மீதிக்கு அதோட சொந்த அணுக்கள்தான். அதுங்க புதுசு. அம்மா வயித்துல இருக்கிறப்போ சண்டையே போடக் கூடாது. போட்டா தாயையே எதிரின்னு நினைச்சு அடிச்சிடும். அதனால சும்மா இரு, சும்மா இருன்னு பழக்கி வச்சிருக்கு. வெளிய வந்ததும் உடனே மாறாது. கிருமி ஒரு அணுவுக்குள்ள புகுந்தா, அது பக்கத்து அணுக்களுக்குக் கூவிச் சொல்லணும், வந்துட்டான் வந்துட்டான்னு. பெரியவங்க உடம்புல அந்தக் கூவல் பலமா இருக்கும். பச்சைக் குழந்தைக்கு அது சன்னம். எல்லாம் முழிச்சுக்கிறதுக்குள்ள கிருமி நுரையீரலுக்கு, ஈரலுக்குப் போயிடும். அந்தப் பயம்தான்.”

பார்த்தும் கூவாமல் இருந்தது நான். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கே உறைத்தது.

அப்போது என் வாயிலிருந்து, நான் கேட்க நினைக்காதது வந்தது. “மேடம், தாய்க்கு அம்மை இருக்கிறப்போ காய்ச்சல் மாத்திரை குடுத்தா பிறக்கிற குழந்தை செத்துப்போயிடுமா?”

“யார் சொன்னது? மாத்திரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பிரசவ நேரத்துல தாய்க்கு அம்மை வந்தா, மாத்திரை குடுத்தாலும் குடுக்காட்டியும் குழந்தைக்கு ஆபத்துதான். காவல் போகலையே.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், யாருக்கு?” என்றார்.

“எங்க வீட்டுல, ரொம்ப நாளைக்கு முந்தி,” என்றேன். பால் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லணும் போலிருந்தது. அவர் எங்களோடுதான் இருந்தார். அம்மா காலமாகிவிட்டாள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இந்தக் குழந்தைக்கு நாங்கள் ஊசி போட்டிருக்கிறோம். இதுவும் போய்விட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு மாத்திரையால் இல்லையப்பா என்று சொல்வது? குழந்தை பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். அன்று முதல் உப்பில்லாமல் சாப்பிட்டேன். அம்மனிடம், உன்னைக் கேட்காமல் வாயைத் திறந்தது நான், கேட்பதாயிருந்தால் என்னைக் கேள் என்று சொன்னேன்.

குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் காலை. துணியைக் கழற்றினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு முத்து.

குழந்தை ஒன்றும் அறியாமல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மத்தியானத்துக்குள் ஏழு ஆயிற்று. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கையில் ஊசி செருகி, வைரஸை அடக்குகிற மருந்தை எட்டு மணிக்கொரு தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவை மருந்து இறங்கும்போதும் தலையணைக்குக் கீழே இருந்த அந்த மாத்திரை அட்டை என் கண்ணில் வந்தது.

பதினோராம் நாள் முத்து இருபதுக்கு மேல். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். ரேவதி தன் அறைக் கதவை விட்டு வெளியே வரக்கூடாது. கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டு, நான் வராந்தாவில் போகும்போதெல்லாம் விரலால் கேட்பாள், எத்தனை என்று. நான் மூச்சின் எண்ணைக் கையால் காட்டுவேன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தாறு. பதின்மூன்றாம் நாள் ஐம்பத்தொன்பது.

பதினாலாம் நாள். என் தங்கச்சி போன நாள். காலையிலேயே பாலாடையில் பாதிப் பாலைத்தான் குடித்தது. பத்து மணிக்கு எண்ணினேன். அறுபத்தாறு. திரும்ப எண்ணினேன். அறுபத்தெட்டு. விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. அதே மூச்சு. அம்மா மடியில் பார்த்த அதே மூச்சு. இந்தத் தடவை நான் நிற்கவில்லை. கதவைத் திறந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “சிஸ்டர்! சீக்கிரம் வாங்க!”

மேடம் வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், நுரையீரலில் கொஞ்சம் இறங்கியிருந்தது. “மருந்து பண்றதைப் பண்ணியாச்சு. இனி இதோட அணுக்கள் முழிச்சுக்கணும்,” என்றார் மேடம். பிலோமினா சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உதடு அசைந்தது. என் உதடும் அசைந்தது. பாட்டை நான் முழுவதும் சொன்னேன், ஒரு வரியையும் விடாமல், எத்தனை தடவை என்று தெரியாது. செல்வி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அறுபத்தெட்டு. மூன்று மணிக்கு அறுபத்தேழு. ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு. நான் எண்ணினதை நம்பாமல் சிஸ்டர் எண்ணினார். அவருக்கும் அறுபத்திரண்டுதான் வந்தது.

“நீ போய் ஏதாவது சாப்பிட்டு வா,” என்றார்.

“நீ” என்றார். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் பழைய முத்துகள் காய ஆரம்பித்தன, புதிது வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. மேடம் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, “பாருங்க கோமளம்மா, உங்க பொண்ணோட படை எழுந்துடுச்சு,” என்றார். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற அன்று செல்வி என்னிடம் வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “ஏன்க்கா, குழந்தைக்கும் ரேவதிக்கும் சேத்துத் தலைக்குத் தண்ணி ஊத்திடலாமா? இல்ல டாக்டரம்மா அதுக்கும் ஊசி போடுவாங்களா?” என்றாள்.

“பொருக்கெல்லாம் உதிரட்டும். வேப்பிலை போட்டே ஊத்து, மேடம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க,” என்றேன்.

அன்று சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன். ரேவதியின் பிடரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தாயின் காவல் போய்ச் சேர ஒரு வாரம் வேண்டும் என்பதையும், தங்கச்சி பிறந்தபோது அந்த ஒரு வாரம் இல்லை என்பதையும் சொன்னேன். “மாத்திரையால இல்லப்பா. நீங்க குடுக்காம இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்.”

அவர் பேப்பரை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அப்ப இந்த ஊசியெல்லாம் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“நம்ம ஊர்ல இருந்திருக்காதுப்பா.”

பேப்பரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அந்தக் குழந்தை பால் நல்லா குடிக்குதா?” என்றார்.

“குடிக்குதுப்பா.”

பேப்பரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். 

ஓய்வு பெறும் முன் நடந்த வகுப்பில் அந்தச் சின்ன டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பச்சைக் குழந்தையின் அணுக்களில் சில, எதிரியைப் பார்த்ததும் பெரியவர்களுடையதைவிட வேகமாகப் பெருகிப் பாயுமாம். ஆனால் சண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளாதாம். நான் எழுந்து குழாயடிக்குப் போனது அங்கேதான். சன்னமாகக் கூவினாலும் ரேவதி குழந்தையின் படை சும்மா கிடக்கவில்லை, அந்தப் பதினாலாம் நாள் முழுக்க உள்ளே பாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. என் தங்கச்சிக்குள்ளும் பாய்ந்திருக்கும். துணைக்கு அனுப்ப எங்களிடம் ஒன்றும் இல்லை. எனக்கு அம்மன் மேல் இருந்த பயம் போய்விடவில்லை. ஆனால் குழந்தையைக் கேட்கிறவள் என்று அவளை இப்போது நினைப்பதில்லை. அந்தக் காலையில் பின்னலைத் தூக்க வைத்தது அவள்தான் என்று நம்புகிறேன்.

அந்தக் குழந்தை பிழைத்த வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றப் போனோம். அப்பாவும் வந்தார். வழக்கம்போல மின்கம்பத்தடியில் நின்றார். நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். தெருவைக் கடந்து வாசற்படி வரைக்கும் வந்திருந்தார். கீழே குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு, எதுவும் தெரியாதவர் மாதிரி சுற்றுமுற்றும் தேடினார்.

“கோமளா,” என்றார், “இங்க செருப்பை எங்கம்மா விடறது?”